எல்லையில் மகன், அடுத்தவர் வயலில் தாய்: நிலமற்றோரின் ஒரே நிலமும் பறிபோகிறது

2016 ஜூன் 25 அன்று காஷ்மீரின் பாம்போர் அருகே மத்திய ரிசர்வ் காவல் படையினர் சென்ற வாகனத்தின் மீது நடந்த தாக்குதலில் 8 வீரர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஷிகோஹாபாத்தை அடுத்த ஒரு சிற்றூர் அவருடையது. பட்டியல் சாதியான நட் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய உடலைப் பொது நிலத்தில் எரியூட்ட வேண்டும், அங்கே அவருக்கு ஒரு சிலை எழுப்ப வேண்டும் என்று குடும்பத்தினர் கேட்டனர். ஊரின் ஆதிக்கச் சாதியினர் மறுத்தனர். அதிகாரிகள் வந்து நெடுநேரம் பேச்சு நடத்திய பின்னர், 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடம் தர ஊரார் இசைந்தனர். நாட்டின் ஒரு கோடியில் குண்டடிபட்டு இறந்தவருக்கு, பிறந்த ஊரில் 100 சதுர மீட்டர் மண் பேரம் பேசித்தான் கிடைத்தது.

அவர் வாழ்ந்த தகரக் கூரை வீட்டைப் பற்றி அன்றைய செய்திகள் இரண்டு வரி எழுதின. பிறகு மறந்துவிட்டன. நாம் அந்த 100 சதுர மீட்டரை மறக்க முடியாது. எல்லையில் நிற்கும் தலித் வீரர் ஊரை நினைக்கும்போது அவர் நெஞ்சில் எழும் கவலை எத்தகையது என்பதை அறிய, அந்தச் சிறு சதுரத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1965இல் லால் பகதூர் சாஸ்திரி 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்ற முழக்கத்தை நாட்டுக்கு அளித்தார். தந்தை உழுகிறார், மகன் காக்கிறான் என்ற ஒரு குடும்பச் சித்திரம் அதற்குள் இருக்கிறது. 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் டெல்லியின் எல்லைகளில் உழவர்கள் அமர்ந்திருந்தபோது, பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய குடும்பங்களும் முன்னாள் படைவீரர்களும் அங்கே இருந்தனர். அந்தச் சித்திரம் உயிர்பெற்று நின்றது. அதை நாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் உழுகிற நிலம் யாருடையது என்ற கேள்வியை அந்தச் சித்திரம் கேட்பதில்லை. வயலில் இறங்கி நாற்று நடுபவரை இந்த நாட்டின் அரசியல் மொழி 'கிசான்' என்று அழைப்பதும் இல்லை. அவருக்குக் 'கூலி' என்று தனிப்பெயர் உண்டு. அந்தக் கூலியின் மகனும் எல்லையில் நிற்கிறான் என்பதுதான் முழக்கத்துக்கு வெளியே விடப்பட்ட செய்தி.

இரண்டு வீடுகளின் கடிதம்

முதல் உலகப் போரில் பிரான்சின் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை ஆங்கிலேய அதிகாரிகள் தணிக்கை செய்தனர். பல கடிதங்களின் பகுதிகளை மொழிபெயர்த்துத் தொகுத்தும் வைத்தனர். அதனால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. குண்டுமழைக்கு நடுவே எழுதியவர்கள் திரும்பத் திரும்ப விசாரித்தவற்றுள் நிலமும் ஒன்று. விளைச்சல் எப்படி, கடன் தீர்ந்ததா, அடமானம் மீண்டதா, பங்காளி வழக்கு என்ன ஆயிற்று என்பன போன்ற கேள்விகள். இதில் வியப்பில்லை. 'போர்வீர இனம்' என்று ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த சாதிகளில் பெரும்பாலானவை பஞ்சாபின் நிலவுடைமைச் சாதிகள். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், வேளாண் குலங்கள் என்று அறிவிக்கப்பட்டவர்களின் நிலத்தைப் பிறர் வாங்க முடியாதபடி வேலி போட்டது. வட்டிக்கடைக்காரரிடமிருந்து உழவரைக் காக்க வந்த சட்டம் என்று வரலாற்று நூல்கள் அதைப் பாராட்டும். அந்த வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டோரில் பஞ்சாபின் தலித்துகளும் இருந்தனர் என்பது பாராட்டின் அடிக்குறிப்பில்தான் வரும். மஸ்பி சீக்கியப் படைவீரர் சிலருக்குக் கால்வாய்க் குடியேற்றங்களில் நிலம் கிடைத்தது, அது விதிவிலக்கு.

இன்று கடிதம் இல்லை. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று முகவரியிட்டு உள்நாட்டு அஞ்சல் எழுதிய தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது கைபேசி, சமிக்ஞை கிடைக்காத முகடுகளில் அதுவும் இல்லை, கீழே இறங்கி வரும் நாளில் கிடைக்கும் சில நிமிடப் பேச்சு. அந்தச் சில நிமிடங்களில் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை மழையைக் கேட்பார், மின்மோட்டாரைக் கேட்பார், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு என்ன விலை போட்டார்கள் என்று கேட்பார். நிலமற்ற வீட்டுப் பிள்ளையின் கேள்விகள் வேறு. அம்மா இப்போது யார் வயலுக்கு நடவுக்குப் போகிறாள்? நூறு நாள் வேலையின் கூலி வந்துவிட்டதா? வீட்டுமனைக்குப் பட்டா தருவதாகச் சொன்னவர்கள் அளக்க வந்தார்களா? கோயில் திருவிழா நெருங்குகிறதே, தம்பியை அந்தத் தெருப்பக்கம் போக வேண்டாம் என்று சொன்னீர்களா?

இந்தக் கடைசிக் கேள்வி நிலமுள்ள வீட்டின் தொலைபேசியில் ஒலிப்பதில்லை. எதிரியின் நடமாட்டத்தைக் கண்காணிக்க அமர்த்தப்பட்டவர், தன் ஊரின் இரு தெருக்களுக்கு இடையே உள்ள கோட்டைத் தம்பி தாண்டிவிடுவானோ என்று அஞ்சுகிறார். அதைப் படை அதிகாரியிடம் சொல்லி விடுப்புக் கேட்கவும் முடியாது. விடுப்பு விண்ணப்பத்தில் நெருங்கிய உறவினரின் நோய்க்கும் சாவுக்கும் இடம் உண்டு, சாதிக்கு இல்லை.

எண்களைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சாகுபடியாகும் நிலப்பரப்பில் அவர்களிடம் இருப்பது ஏறத்தாழ 9 விழுக்காடு. வேளாண்மையை நம்பி வாழும் தலித்துகளில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள். பஞ்சாபில் இந்த இடைவெளி இன்னும் அகலம். அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் தலித்துகள். எந்த மாநிலத்திலும் இல்லாத விகிதம் அது. நிலமோ 4 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி என்னும் படைப்பிரிவு மஸ்பி, ராம்தாசியா சீக்கியர்களைக் கொண்டு 1941இல் அமைக்கப்பட்டது; அதில் பணியாற்றியவர்கள் கிளம்பி வந்த வீடுகள் பெரும்பாலும் இந்த 4 விழுக்காட்டுக்கு வெளியே இருப்பவை.

2020 ஜூன்

அவ்வாண்டு ஜூன் 5 அன்று ஒன்றிய அரசு மூன்று வேளாண் அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. பத்து நாள் கழித்து, ஜூன் 15 இரவில், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினரோடு நடந்த கைகலப்பில் 20 இந்திய வீரர்கள் இறந்தனர். இறந்தவர்களில் பஞ்சாபியரும் இருந்தனர், நம் ராமநாதபுரத்தைச் சேர்ந்தவரும் இருந்தார். எல்லையும் வயலும் ஒரே மாதத்தில் எரிந்தன என்று அப்போது எழுதியவர்கள் பலர். எழுதப்படாத மூன்றாவது செய்தி ஒன்று உண்டு.

ஊரடங்கால் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் ஊர் திரும்பிவிட்டதால் பஞ்சாபில் நெல் நடவுக்கு ஆள் இல்லை. உள்ளூர்த் தலித் தொழிலாளர்கள் ஏக்கருக்குக் கூடுதல் கூலி கேட்டனர். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் கை ஓங்கிய ஒரு பருவம் அது. உடனே பல ஊர்களில் பஞ்சாயத்துகள் கூடி, இவ்வளவுக்கு மேல் யாரும் கூலி தரக் கூடாது, வாங்கக் கூடாது, மீறினால் தண்டம், ஒத்துக்கொள்ளாத தொழிலாளர்களுக்கு ஊர் விலக்கம் என்று தீர்மானம் போட்டன. விலக்கம் என்றால் வயல்வெளியில் ஒதுங்கவும் மாட்டுக்குப் புல் அறுக்கவும் தடை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினர்மீது சமூக, பொருளாதார விலக்கம் விதிப்பது தண்டனைக்குரிய குற்றம். ஊரே கூடிக் கையெழுத்திட்ட தீர்மானம் குற்றத்துக்கான எழுத்துச் சான்றும் ஆகும். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் காவல் நிலையங்கள் அவசரப்படவில்லை.

அந்த ஜூனில் லடாக்கிலோ ராஜஸ்தான் எல்லையிலோ காவலில் நின்ற ஒரு மஸ்பி வீரரின் வீட்டிலிருந்து போன செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். கல்வானைப் பற்றி வீட்டார் அஞ்சியிருப்பார்கள். நடவைப் பற்றி அவர் அஞ்சியிருப்பார்.

பின்னர் டெல்லி எல்லையில் தலித் தொழிலாளர் அமைப்புகளும் உழவர்களோடு நின்றன. சட்டங்கள் அமலானால் அரசுக் கொள்முதல் சுருங்கும், கொள்முதல் சுருங்கினால் பங்கீட்டுக் கடையின் கோதுமை சுருங்கும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வெற்றியில் நமக்கும் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஆனால் திரும்பிப் போன ஊர்களில் கூலித் தீர்மானங்கள் அப்படியே இருந்தன. 1961ஆம் ஆண்டின் பஞ்சாப் கிராமப் பொதுநிலச் சட்டத்தின்கீழ், குத்தகைக்கு விடப்படும் ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் ஏலத்தில் ஒரு தலித்தின் பெயரில் நிலவுடைமையாளர் பணம் கட்டி அந்த நிலத்தையும் தானே உழுவது அங்கே நெடுங்கால வழக்கம். 2014 முதல் சங்ரூர் மாவட்டத்தில் சமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி இதை எதிர்த்துப் போராடி, பல ஊர்களில் அந்த மூன்றிலொரு பங்கை மீட்டுக் கூட்டுச் சாகுபடி செய்கிறது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. 2016இல் ஜலூர் கிராமத்தில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டதில் காயமுற்ற முதிய பெண் ஒருவர் அடுத்த மாதம் இறந்தார்.

கடன்காரன் தொட முடியாத சொத்து

நிலம் இல்லாத வீட்டில் ஒருவர் படையில் சேர்ந்து 15 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றித் திரும்பினால் அந்த வீட்டுக்கு என்ன வருகிறது? கடைசி ஊதியத்தில் பாதி, வாழ்நாள் முழுதும். அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். போரில் இறந்தால் கடைசி ஊதியம் முழுவதுமே குடும்பத்துக்கு. இதைச் சலுகை என்றும் நன்றிக்கடன் என்றும் பலர் பேசுகிறார்கள். நாம் இதைச் சொத்து என்று பார்க்கச் சொல்கிறோம். தலித் குடும்பத்தின் கைக்கு வந்த சொத்துகளில் இவ்வளவு உறுதியானது வேறில்லை.

இதற்குக் காரணம் ஒரு பழைய சட்டத்தில் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு தரும் ஓய்வூதியத்தைக் கடனுக்காக எந்த நீதிமன்றமும் பற்றுகை செய்ய முடியாது என்கிறது. இனி வரவேண்டிய தொகையை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. இதை நம் பஞ்சமி நிலத்தோடு வைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனை போட்டே 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலம் தரப்பட்டது. அதுவும் பிறர் தொட முடியாத சொத்தாகவே எழுதப்பட்டது. எழுத்து தாளில் நின்றது, நிலம் கைமாறிப் போனது. மீட்கக் கிளம்பியவர்கள்மீது 1994 அக்டோபரில் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். ஒரே நூற்றாண்டில் எழுதப்பட்ட இரண்டு பாதுகாப்புகளில் ஒன்று நிலைத்தது, மற்றொன்று நொறுங்கியது. ஏன்?

நிலம் ஊரில் கிடக்கிறது. அதன் பதிவேடு ஊர்க் கணக்கரிடம் இருந்தது, அதற்கு வரும் வாய்க்கால் மேல்வயல்காரரிடம் இருந்தது, ஒரு பஞ்ச காலத்தில் ஒரு மூட்டை கேழ்வரகுக்கு அது கைமாறிவிடும். ஓய்வூதியமோ ஊருக்கு வெளியே இருந்து வருகிறது. கணக்கரின் கை அதை எட்டாது. மேல்வயல்காரர் அதற்கு மடை அடைக்க முடியாது. இன்னொன்றும் உண்டு: நிலப்பட்டா பெண்ணின் பெயரில் இருப்பது நம் நாட்டில் அரிது, படைவீரரின் விதவைக்கு வரும் ஓய்வூதியம் அவருடைய பெயரிலேயே வருகிறது. சேரித் தெருவில் ஒரு மூதாட்டி மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக்குப் போய் வருவதும், அடுத்த நாள் யார் வயலுக்கும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதும் சிறிய செய்தி அன்று. கூலிக்கு வர மறுக்கும் உரிமை அந்தத் திண்ணையில் இருக்கிறது. பேரப்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய கதைகள் பலவற்றின் வேரும் அங்கேதான்.

இதை நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தவர்கள் மராட்டியத்தின் மகர்கள். அவர்களிடம் நிலம் இருந்தது. ஆனால் அது வதன் நிலம்; ஊர் ஏவல் வேலைகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்வதற்கு ஈடாக விடப்பட்ட துண்டு. நிலமே விலங்காக இருந்த விந்தை அது. அந்த முறையை மாற்ற அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அதற்கு வெகு முன்பே மகர்கள் வதனிலிருந்து தப்பிக்கக் கண்ட வழிகளில் ஒன்று படை. அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக உயர்ந்தவர், படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். படைவீரர் குடும்பங்களில் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைத்தது. ஓய்வுக்குப் பின் ஓய்வூதியம் வந்தது. 1890களின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. ஓய்வு பெற்ற ஹவில்தாரான கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து 1894இல் விண்ணப்பம் எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே மீண்டும் விண்ணப்பித்தார். போர் வந்ததும் 1917இல் 111வது மகர் படையை அரசு திரட்டியது. போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைத்தது. 1941இல் மீண்டும் மகர் ரெஜிமென்ட். 1943இல் சமார் ரெஜிமென்ட் அமைக்கப்பட்டது, 1946இல் கலைக்கப்பட்டது. வேண்டும்போது கூப்பிடுவது, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவது: பண்ணையார் பழக்கத்தைப் படைத் தலைமையகமும் கற்றிருந்தது.

இங்கே நம் தோழர்கள் சிலர் எழுப்பும் மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆதிக்கத்தின் கருவியான படையில் சேர்வதை விடுதலை என்று கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். கொண்டாட வேண்டாம். காஷ்மீரிலும் வடகிழக்கிலும் அந்தச் சீருடை மக்கள்மீது என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். ஆனால் சேரியின் இளைஞர் அதிகாலையில் ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் ஓடிப் பழகுவது தேசபக்திப் பாடலைக் கேட்டு மட்டும் அன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, கையூட்டு இல்லாமல், பரிந்துரை இல்லாமல் எட்டக்கூடிய நிரந்தரப் பணி அவருக்கு வேறு எத்தனை இருக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை தராமல் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அடைக்கப்பட்ட இரண்டு கதவுகள்

எல்லைக் காவலுக்கு ஒருவர் இரண்டு கதவுகள் வழியாகப் போகலாம். ஒன்று எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, சசஸ்திர சீமா பல் போன்ற ஒன்றியக் காவல் படைகள். இவற்றில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. மற்றொன்று ராணுவம், அங்கே சாதி அடிப்படையில் இட ஒதுக்கீடு கிடையாது.

2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, சந்தையோடு கட்டப்பட்ட புதிய திட்டம் வந்தது. முப்படைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு அளிக்கப்படவில்லை. ஒரே எல்லையில், ஒரே குளிரில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு ஓய்வூதியம், மற்றவருக்குப் பங்குச் சந்தை. இந்தப் படைகளும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, பழைய ஓய்வூதியம் தரவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் பாதி ஊதியம் உறுதி என்கிறார்கள். அதற்கு 25 ஆண்டுகள் பணி முடிக்க வேண்டும்.

ஆக, இட ஒதுக்கீடு இருந்த கதவில் ஓய்வூதியம் முதலில் போனது. ஓய்வூதியம் எஞ்சியிருந்த கதவு 2022 ஜூன் 14 அன்று பாதி அடைபட்டது. அக்னிபத் திட்டத்தின்படி பதினேழரை வயதுக்கு மேற்பட்டவர்கள் 4 ஆண்டுகளுக்கு மட்டும் சேர்க்கப்படுகிறார்கள். முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய், அதில் கைக்கு வருவது 21,000. மீதம் சேவா நிதியில் சேர்கிறது. முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய். நால்வரில் ஒருவர் நிரந்தரமாக்கப்படுவார். மற்ற மூவருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை உள்ளிட்ட ஒருமுறைத் தொகைகள் உண்டு. விதவைக்கு மாதந்தோறும் வரும் அந்தப் பணம் இல்லை.

11.71 லட்சம் ஏழை வீட்டுக்குப் பெருந்தொகைதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாபில் ஒரு நல்ல ஏக்கரின் விலைக்கு அது காணாது. நிலமுள்ள வீட்டுக்கு வந்தால் அது முதலாகும்: டிராக்டர், ஆழ்துளைக் கிணறு, பால்மாடு, அல்லது இருக்கும் நிலத்தோடு இன்னும் கொஞ்சம். அங்கே படைப்பணி நிலத்துக்குத் துணையாக வந்தது. நிலமற்ற வீட்டில் நிலத்தின் இடத்திலேயே அது நின்றது. அங்கு மொத்தமாக வரும் தொகை அக்காளின் திருமணத்துக்கும், அப்பாவின் மருத்துவத்துக்கும், கந்துவட்டியை அடைக்கவும் கரையும். 1871இன் சட்டம் மாதந்தோறும் வருவதைக் கடன்காரனிடமிருந்து காத்தது. வங்கிக் கணக்கில் ஒரே நாளில் வந்து விழும் லட்சங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் ஊருக்கே தெரியும். கேட்டு வருகிறவர்களைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டியதாகச் சொல்லப்படும் ஒரு திட்டம் எல்லோரையும் ஒரே அளவில் வெட்டுவதில்லை.

நிரந்தரமாக்கப்படும் அந்த 25 விழுக்காட்டில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? ராணுவம் சாதி பார்ப்பதில்லை, ஆகவே கணக்கும் வைப்பதில்லை என்பதே வழக்கமான விடை. சாதிப் பெயரிலேயே ரெஜிமென்ட்டுகள் உள்ள ஒரு நிறுவனம், குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ஜாட் சீக்கியர், ராஜபுத்திரர் ஆகியோரை மட்டும் எடுப்பதை நீதிமன்றத்திலேயே நியாயப்படுத்திய நிறுவனம், இந்த ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது வேடிக்கை. விடுவிக்கப்படும் அக்னிவீர்களுக்கு ஒன்றியக் காவல் படைகளில் 10 விழுக்காடு இடம் என்று 2022இல் அறிவித்தார்கள். இட ஒதுக்கீடு இல்லாத கதவு வழியே நுழைந்தவர்களுக்கு, இட ஒதுக்கீடு உள்ள கதவில் முன்னுரிமை. அதனால் பட்டியல் சாதியினரின் 15 விழுக்காட்டுக்கு என்ன நேரும் என்பதை நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கேட்டு எழுத்தில் விடை வாங்க வேண்டும். தக்கவைக்கப்படுவோரின் சாதிவாரிப் பட்டியல், இறந்த அக்னிவீரின் குடும்பத்துக்கு வாழ்நாள் ஓய்வூதியம், நிலமற்ற வீட்டிலிருந்து வந்து விடுவிக்கப்படுவோருக்குக் குடும்பத் தலைவியின் பெயரில் நிலம்: இவற்றைக் கேட்க ராணுவ வல்லுநர் யாரும் தேவையில்லை.

சீருடை போட்டால் சாதி மறையும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில், ராணுவத்தில் பணிபுரியும் தலித் இளைஞர் தம் திருமணத்துக்குக் குதிரையில் ஏறியதற்காக ஊர்வலத்தின் மீது கல் எறிந்தார்கள். அதற்கும் 119 ஆண்டுகளுக்கு முன், 1901இல், சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் பிள்ளைகள் தந்தையைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடை உடுத்திய அந்தச் சிறுவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இரட்டைக் கூலி பேசி, சிறுவர்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்தார். இரவு முழுதும் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த வண்டியில் இருந்த 9 வயதுச் சிறுவனைத்தான் நாம் அண்ணல் என்கிறோம். தந்தை ஏன் அழைக்க வரவில்லை? தாங்கள் வருவதாக எழுதிய கடிதத்தைத் தந்தையின் ஏவலாள் வாங்கி வைத்துக்கொண்டு அவரிடம் கொடுக்க மறந்துவிட்டார் என்று அண்ணல் பின்னாளில் எழுதுகிறார்.

அக்னிபத்தின் முதல் அணியினர் 2022 டிசம்பர் இறுதியிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சி மையங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய நான்காண்டு 2026இன் இறுதியில் முடிகிறது. அவர்கள் பெட்டியோடு ஊர்ப் பேருந்திலிருந்து இறங்கும்போது பஞ்சாபில் கோதுமை முளைத்திருக்கும், காவிரிப் படுகையில் சம்பா கதிர் பிடித்திருக்கும். அறுப்புக்கு ஆள் சொல்ல வருகிறவர் அந்த வீட்டு வாசலில் வழக்கம்போல நின்று, இந்தமுறை எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பார்.